குழந்தை வர்ற வரைக்கும் தொட்டி காலியாவே இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்: திருவருகைக்காலம் ஸ்பெஷல்

இந்த தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி திருவருகைக்காலம் (அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி தயாராகுற காலம்) பத்திதான். ஒரே மாதிரி கேட்டிருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், உங்க கேள்வி அப்படியே வரலன்னா கோச்சுக்காதீங்க, பதில் எங்கயாவது உள்ள இருக்கும்.

அக்கா, டிசம்பர் 1-ஆம் தேதிதான் ஆரம்பம்னு நெனச்சுட்டு சாவகாசமா இருப்பேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா ரெண்டாவது மெழுகுவர்த்தி எரிஞ்சுட்டு இருக்கும். எப்பதான் ஆரம்பிக்குது? வீட்ல எங்க இருந்து தொடங்கணும்? – ஒரு வாசகி

நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயா திருநாள் இல்லையா, அதுக்கு ரொம்ப கிட்ட வர்ற ஞாயிறுதான் முதல் ஞாயிறு. சீக்கிரமா வந்தா நவம்பர் 27, லேட்டா வந்தா டிசம்பர் 3. 2026-ல நவம்பர் 29. கணக்குப்படி பார்த்தா அதுக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரமே ஆரம்பிச்சிடுது. நாலு ஞாயிறு கண்டிப்பா உண்டு, ஆனா நாலு முழு வாரம் கெடைக்கும்னு நம்பி உக்காராதீங்க. கிறிஸ்துமஸ் ஞாயித்துக்கிழமை வந்தா 28 நாள், திங்கக்கிழமை வந்தா வெறும் 22 நாள்தான், 2023-ல அப்படித்தான் ஆச்சு.

திருச்சபைக்கு இதுதான் வருஷப் பிறப்பு. அதனால சனிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் ஒண்ணா உக்காருங்க. எங்க இருந்து தொடங்கணும்னு கேட்டீங்களே, என் பதில் ரொம்ப சின்னது: ஒரே ஒரு காரியத்தை எடுங்க. நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறப்ப பாத்தது, எட்டு காரியம் பிளான் போட்ட வீடெல்லாம் ரெண்டாவது வாரத்துல எல்லாத்தையும் விட்டுடுவாங்க, தெனம் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி அஞ்சு வரி நற்செய்தி வாசிச்சவங்க 24-ஆம் தேதி வரைக்கும் வந்துடுவாங்க. அதுக்குன்னு புதுசா ஒரு டைம் கண்டுபிடிக்கவும் வேணாம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் தட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி, எல்லாரும் எப்படியும் அங்கதான இருக்காங்க, அப்பவே வாசிச்சிடுங்க. எழுந்து போனா திரும்ப கூட்டிட்டு வர்றது பெரும்பாடு.

இன்னொண்ணு. இந்தக் காலத்துக்கு ரெண்டு பாதி இருக்கு, இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. டிசம்பர் 16 வரைக்கும் வாசகமெல்லாம் ஆண்டவர் கடைசியில திரும்ப வரப்போறதைப் பத்தியும் முழிச்சிருங்க, தயாரா இருங்கன்னும்தான் வரும். 17-ஆம் தேதியில இருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்பும். முதல் ஞாயிறு பூசையில நோவா காலத்து வெள்ளம் பத்தி வாசிக்கிற வருஷம் உண்டு, அப்ப பிள்ளைங்க "கிறிஸ்துமஸுக்கு எதுக்கு வெள்ளம்"னு கேப்பாங்க. நல்ல கேள்வி, மழுப்பாதீங்க. முதல்ல குழந்தையா வந்தவர் ஒருநாள் அரசரா வருவார்னு நம்பறோம், ரெண்டுக்கும் சேர்த்துதான் காத்துட்டு இருக்கோம்னு சொல்லிடுங்க.

திருவருகை வளையம் (இலை தழை வட்டத்துல நாலு மெழுகுவர்த்தி) வீட்ல கண்டிப்பா வைக்கணுமா? எந்த கலர் மெழுகுவர்த்தி, யார் ஏத்தணும்? கடையில வாங்கினாதான் ஆகுமா? – மூணு பிள்ளைகளோட அம்மா

கண்டிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. சொன்னா ஆச்சரியப்படுவீங்க, இது நம்ம கத்தோலிக்கர்கிட்ட ஆரம்பிச்சதே இல்ல. 1839-ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திட்டு இருந்த யோஹான் ஹின்ரிக் விகெர்ன்னு ஒரு லூத்தரன் போதகர், பிள்ளைங்க தெனமும் "கிறிஸ்துமஸ் எப்ப, எப்ப"ன்னு நச்சரிக்கிறாங்கன்னு பழைய வண்டிச் சக்கரம் ஒண்ணை எடுத்து அதுல வார நாளுக்கெல்லாம் சின்ன மெழுகுவர்த்தி, நாலு ஞாயித்துக்கும் நாலு பெரிய மெழுகுவர்த்தின்னு வெச்சாரு. பொறுமை இல்லாத பிள்ளைகளுக்காக வந்த ஐடியா, அதனாலதான் இன்னைக்கும் பிள்ளைங்க இருக்கிற வீட்ல நல்லா வேலை செய்யுது. நம்ம ஆளுங்க பிற்பாடுதான் எடுத்துக்கிட்டாங்க.

கலர் பொதுவா மூணு ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் மூணாவது ஞாயித்துக்கு. அன்னைக்கு ஃபாதரும் சில கோயில்ல ரோஸ் கலர் உடுப்புலதான் வருவாரு, பாதிக்கு மேல வந்துட்டோம், சந்தோஷமா இருங்கன்னு அர்த்தம். உங்ககிட்ட நாலும் வெள்ளையா இருந்தா நாலும் வெள்ளையே வைங்க, யாரும் கேஸ் போடப்போறதில்ல. நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்புன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் வெக்கிறாங்களே, அதுவும் ஒரு பழக்கம்தான், வழிபாட்டு நூல்ல கெடையாது, அதனால "முதல்ல நம்பிக்கையா அமைதியா"ன்னு குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல சண்டை போட வேணாம். அப்பாவோ அம்மாவோ ஒரு சின்ன ஜெபம் சொல்லி ஆசீர் கேட்டு ஆரம்பிச்சுக்கலாம், ஃபாதர் வந்தே ஆகணும்னு இல்ல.

முதல் வாரம் ஒண்ணு, ரெண்டாவது வாரம் அதே ஒண்ணையும் சேர்த்து ரெண்டு. நாலாவது வாரம் வர்றப்ப பாருங்க, முதல் மெழுகுவர்த்தி கரைஞ்சு குட்டையாகி பக்கத்துல எல்லாம் வழிஞ்சு இருக்கும், நாலாவது புதுசா நிமிர்ந்து நிக்கும். அது அழகா இல்லன்னு மாத்திடாதீங்க. எத்தனை நாள் ஒண்ணா உக்காந்தீங்கன்னு அந்த உயரம்தான் பிள்ளைங்களுக்குக் காட்டும். யார் ஏத்தறதுன்னு அடிதடி வரும், அதோட யார் ஊதி அணைக்கிறதுன்னு அதைவிட பெரிய அடிதடி வரும், முதல் நாளே ஒரு பேப்பர்ல முறை எழுதி ஒட்டிடுங்க. ஏத்தறப்ப பெரியவங்க கூடவே நிக்கணும், ஜெபம் முடிஞ்சதும் அணைச்சிடணும், காய்ஞ்ச இலை தழை வெச்சிருக்கிற வளையத்துல தீ பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

பொண்ணுக்கு 15 வயசு. ஜெபத்துக்குக் கூப்பிட்டா "போர் அடிக்குது"ன்னு ஃபோனைத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிடறா. அவங்க அப்பாவும் "அவளை விடு"ன்னுட்டு டிவி பாக்கறாரு. நான் மட்டும் தனியா எரிஞ்சுட்டு இருக்கேன், மெழுகுவர்த்தி மாதிரி. – ஒரு அம்மா

கடைசி வரியைப் படிச்சு சிரிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆனா விஷயம் சிரிப்பு இல்ல.

முதல்ல ஜெபத்தோட நீளத்தைப் பாருங்க. நம்ம வீடுகள்ல குடும்ப ஜெபம்னா ஜெபமாலை, மன்றாட்டுமாலை, அந்த நவநாள், இந்த ஜெபம்னு முக்கால் மணி நேரம் ஓடும், அதுல பிள்ளையைத் திட்டறதும் ஒரு பகுதியா சேர்ந்துடும், "ஆண்டவரே என் பொண்ணுக்கு நல்ல புத்தி குடும்"னு அவ பக்கத்துல உக்காந்திருக்கும்போதே மன்றாட்டு போட்டா அவ எப்படி வருவா சொல்லுங்க. இந்த நாலு வாரம் மட்டும் அஞ்சு நிமிஷத்துல முடியும்னு வாக்கு குடுங்க, குடுத்த வாக்கைக் காப்பாத்துங்க. ஆறாவது நிமிஷம் அவ எழுந்து போனா தடுக்காதீங்க.

ரெண்டாவது, அவளை உக்காரச் சொல்லாம ஒரு வேலையைக் குடுங்க. அன்னைக்கு நற்செய்தியை ஃபோன்ல எடுத்து வாசிக்கிறது அவ பொறுப்பு. ஆமா, அதே ஃபோன்லதான். பிடிக்கலன்னா "இது எனக்குப் புரியல, ஒத்துக்க முடியல"ன்னு சொல்லவும் அவளுக்கு அனுமதி உண்டுன்னு சொல்லுங்க. கன்னி மரியாவே வானதூதர்கிட்ட "இது எப்படி நடக்கும்"னு கேட்டுட்டுதான் சரின்னு சொன்னாங்க, கேள்வி கேக்கறது அவிசுவாசம் இல்ல.

வீட்டுக்காரர் விஷயத்துல, பிள்ளைங்க முன்னாடி அவரைக் குத்திக்காட்டாதீங்க. "மெழுகுவர்த்தி ஏத்தறப்ப மட்டும் வந்து நில்லுங்க, வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்"னு தனியா ஒருதடவை சொல்லிப் பாருங்க. வரலன்னா நீங்க ஏத்துங்க. திருவருகைக்காலமே காத்திருக்கிற காலம்தான், அவருக்காகவும் காத்திருங்க.

டிசம்பர் 8 அமல உற்பவ திருநாள்னா மாதா இயேசுவைக் கருத்தரிச்ச நாள்தானே? 25-க்கும் அதுக்கும் 17 நாள்தான் இருக்கு, கணக்கு இடிக்குதே? – கல்லூரி மாணவர்

இடிக்கும், ஏன்னா அது இயேசுவோட கருத்தரிப்பு இல்ல தம்பி. மாதா அவங்க தாய் வயித்துல ஜென்மப் பாவம் (ஆதாம் வழியா எல்லாரும் பிறக்கும்போதே சுமக்கிற பாவம்) இல்லாம உற்பவிச்ச நாள். மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8, ஒன்பது மாசம் பின்னாடி போங்க, சரியா வரும். இதை விசுவாச சத்தியமா போப் 9-ஆம் பத்திநாதர் அறிவிச்சது 1854-ல. இயேசு கருத்தரிச்ச மங்கள வார்த்தை திருநாள் மார்ச் 25. டிசம்பர் 8 பூசையில வானதூதர் கபிரியேல் மரியாவுக்கு மங்களம் சொல்ற நற்செய்தியையே வாசிக்கிறதால எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வருது, நீங்க மட்டும் இல்ல.

தினமும் பைபிள் வாசிக்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம். எங்க இருந்து வாசிக்கலாம்? போன வருஷம் தொடக்கநூல்ல ஆரம்பிச்சு பாதியில நின்னுபோச்சு. – புதுசா கல்யாணமான தம்பதி

ரெண்டு வழி இருக்கு. லூக்கா நற்செய்தியில 24 அதிகாரம், டிசம்பர் 1-ல இருந்து 24 வரைக்கும் தெனம் ஒரு அதிகாரம். எந்த நாள் விட்டுப்போச்சுன்னு குழப்பமே வராது, தேதிதான் அதிகாரம். ஒரு குறை இருக்கு, பிறப்பு எல்லாம் ரெண்டாம் தேதியே முடிஞ்சிடும், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உயிர்ப்பை வாசிச்சிட்டு இருப்பீங்க. எனக்கென்னமோ அது குறையாவே தெரியல, தொட்டியில படுக்கவெச்ச பிள்ளை எதுக்காக வந்ததுன்னு முழுசாத் தெரிஞ்சிட்டு பிறந்தநாள் கொண்டாடறது நல்லதுதானே.

இன்னொரு வழி, அன்னன்னைக்கு பூசையில வர்ற வாசகத்தையே வாசிக்கிறது. நான் இதைத்தான் சொல்லுவேன், ஏன்னா உலகம் பூரா திருச்சபை அன்னைக்கு எதை வாசிக்குதோ அதையே உங்க வீட்லயும் வாசிக்கிறீங்க. முதல் ரெண்டு வாரம் எசாயா நெறைய வரும், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒண்ணா இருக்கும், பாலைநிலம் பூக்கும்னு படம் படமா வரும், சின்னப் பிள்ளைங்களை வரையச் சொல்லுங்க.

17-ஆம் தேதி வர்றப்ப உஷாரா இருங்க. அன்னைக்கு மத்தேயுவோட முதல் அதிகாரம், ஆபிரகாம்ல இருந்து இயேசு வரைக்கும் பேர் பேரா வம்ச வரலாறு. பூசையிலயே பாதிப் பேர் அந்த நேரம் தூங்கிடுவாங்க. ஆனா நிறுத்தி வாசிச்சுப் பாருங்க, அத்தனை ஆம்பளைங்க பேருக்கு நடுவுல மரியாவுக்கு முன்னாடி நாலு பொம்பளைங்க வர்றாங்க: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவோட மனைவி. தாமார் மாமனாரை ஏமாத்தி பிள்ளை பெத்தவ. இராகாபு எரிகோவுல விலைமகளா இருந்தவ. ரூத்து மோவாபு நாட்டுக்காரி, புருஷனை இழந்துட்டு மாமியாரோட வந்தவ. உரியாவோட மனைவின்னா பத்சேபா, தாவீது ராஜா அவளை எடுத்துக்கிட்டு உரியாவைப் போர்ல சாகவெச்சது உங்களுக்கே தெரியும், மத்தேயு அவ பேரைக்கூட சொல்லாம உரியா பேரைச் சொல்றாரு, தாவீதோட பாவத்தை மறைக்காம போட்டு உடைக்கிறாரு. எந்தக் குடும்பமும் கல்யாணப் பத்திரிகையில போட யோசிக்கிற பேரெல்லாம் மீட்பரோட வம்சத்துல இருக்கு. "எங்க குடும்பத்துல பேச முடியாத விஷயமெல்லாம் இருக்கு, எங்க வீட்டுக்கு ஆண்டவர் வருவாரா"ன்னு யோசிக்கிறவங்க அன்னைக்கு அந்தப் பதினேழு வசனத்தையும் கண்டிப்பா வாசிக்கணும்.

அதுக்கப்புறம் வரிசையா கதை மாதிரியே போகும்: 18 சூசையப்பர் கனவு, 19 திருமுழுக்கு யோவானோட அப்பா செக்கரியா, 20 மங்கள வார்த்தை, 21 மரியா எலிசபெத்தைப் பாக்கப் போறது, 22 மரியாவோட பாட்டு, 23 யோவான் பிறப்பு, 24 காலையில செக்கரியாவோட பாட்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த ஞாயிறோட வாசகம் வரும். 17-ல இருந்து 25 வரைக்கும் ஒரு வசனம்கூட நீங்க தனியா தேட வேணாம்.

திருவருகைக்காலத்துல நோன்பு உண்டா, இல்லையா? எங்க பாட்டி கறி தொடமாட்டாங்க. – ஒரு வாசகர்

சட்டமா இப்ப இல்ல, இலத்தீன் வழிபாட்டு முறையில தவக்காலத்துக்குத்தான் அது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனமோ (கறி சாப்பிடாம இருக்கிறது) அதுக்குப் பதிலா சொல்லிருக்கிற தவமோ வருஷம் பூராவுமே உண்டு, அது வேற. ஆனா உங்க பாட்டி ஒண்ணும் புதுசா பண்ணல, 6-ஆம் நூற்றாண்டுலயே புனித மார்ட்டின் திருநாள் நவம்பர் 11-ல இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரத்துல மூணு நாள் நோன்புன்னு கால் (Gaul, இன்னைக்கு பிரான்ஸ்) நாட்டு ஆயர்கள் வெச்சிருந்தாங்க. கீழைத் திருச்சபைகள்ல இன்னைக்கும் நீண்ட நோன்பு இருக்கு. தவக்காலம் மாதிரி சோகமா இருக்க வேணாம், பூசையில "வானவர் கீதம்" நிறுத்துவாங்க ஆனா அல்லேலூயா நிக்காது, கவனிச்சிருக்கீங்களா? அந்த அளவுதான். விருந்துக்கு முன்னாடி கொஞ்சம் பசியோட இருக்கிறது. பாட்டியோட சேர்ந்து வாரத்துல ஒரு நாள் இருந்து பாருங்க, அவங்களுக்கும் சந்தோஷம்.

பாவசங்கீர்த்தனம் பண்ணி ஏழு எட்டு வருஷம் ஆகுது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போகணும்னு நெனப்பேன், கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பிடுவேன். ஃபாதர் திட்டுவாரோன்னு பயம், என்ன சொல்றதுன்னும் மறந்துபோச்சு. – பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டவர்

வாசல் வரைக்கும் போனீங்களே, அதுக்குள்ளயே பாதி மனஸ்தாபம், அதாவது பாவத்துக்கான வருத்தம், இருக்கு.

என்ன சொல்றதுன்னு மறந்துட்டா அதையே சொல்லுங்க: "ஃபாதர், ரொம்ப வருஷம் கழிச்சு வந்திருக்கேன், எப்படி ஆரம்பிக்கணும்னு தெரியல, உதவி பண்ணுங்க." இது போதும், மிச்சத்தை அவரே கேட்டுக் கேட்டு வாங்கிப்பாரு. ரொம்ப நாள் கழிச்சு வர்ற ஆள்னா பெரும்பாலான சாமியார்களுக்கு சந்தோஷம்தான் வரும். யாராவது ஒருத்தர் எரிஞ்சு விழுந்தாலும் அது அவரோட பலவீனம், நீங்க பெத்துக்கிற மன்னிப்பு அதனால கொறையப்போறதில்ல, அடுத்த தடவை வேற ஃபாதர்கிட்ட போங்க, வேற பங்குக்குக்கூட போகலாம், இதே பங்குலதான் பண்ணணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நீங்க சொன்னது வெளிய போகுமோன்னும் பயப்படாதீங்க, அந்த ரகசியத்தை நேரடியா மீறுற குரு திருச்சபையை விட்டே விலக்கப்படுவாரு, அவ்வளவு கடுமையான சட்டம்.

எட்டு வருஷத்துப் பாவத்தை நாள் கணக்கா ஞாபகப்படுத்த முடியாது. சாவான பாவம் (கனமான பெரிய பாவம்) எதெது, எத்தனை தடவைன்னு உத்தேசமா சொல்லுங்க. சொல்லவே நா கூசுற அந்த ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை முதல்ல சொல்லிடுங்க, கடைசிக்கு வெச்சா அங்க இங்க சுத்தி சொல்லாமலே எழுந்து வந்துடுவீங்க. மனஸ்தாப ஜெபம் மறந்துட்டா ஃபோன்ல இருந்தோ பேப்பர்ல இருந்தோ வாசிக்கலாம்.

தேதி முக்கியம். 23, 24-ல போகாதீங்க, வரிசை தெருவுக்கு வந்திருக்கும், ஃபாதரும் களைச்சுப்போய் இருப்பாரு, ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட கெடைக்காது. மூணாவது ஞாயித்துக்கு முன்னாடி ஒரு வார நாள்ல பங்கு ஆஃபீஸுக்குப் போன் பண்ணி நேரம் கேட்டுப் போங்க. எத்தனை வருஷக் கதையா இருந்தாலும் நிதானமா பேசலாம்.

குடும்பமா போறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. போறதுக்கு முந்தின ராத்திரி வீட்லயே ஒருத்தரை ஒருத்தர் மன்னிப்பு கேட்டுக்கோங்க, பெத்தவங்கதான் முதல்ல கேக்கணும். பிள்ளை பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்ததும் "என்ன சொன்ன, தம்பியை அடிச்சதைச் சொன்னியா"ன்னு விசாரணை வெக்கிற அம்மா அப்பா இருக்காங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. ஒரு தடவை பண்ணாலே அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் உள்ள போய் உண்மையைச் சொல்ல யோசிக்கும்.

ஆஃபீஸ்ல, ஸ்கூல்ல எல்லாம் டிசம்பர் முதல் வாரத்துலயே கிறிஸ்துமஸ் விழா வெச்சு கேக் வெட்டிடறாங்க. திருவருகைக்காலம்னு சொல்லி போகாம இருக்கணுமா? – ஒரு வாசகி

போங்க, சிரிச்சிட்டு சாப்பிட்டுட்டு வாங்க. அன்போட கூப்பிடறவங்ககிட்ட வழிபாட்டு ஆண்டு கிளாஸ் எடுக்காதீங்க. உங்க வீட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் மிச்சம் வைங்க, அவ்வளவுதான். 25-ஆம் தேதி நமக்கு முடிவு இல்ல, ஜனவரியில வர்ற ஆண்டவரோட திருமுழுக்குத் திருநாள் வரைக்கும் கிறிஸ்துமஸ் காலம்தான், உங்க வீட்டு விருந்தை 27, 28-ன்னு வெச்சுப் பாருங்க, எல்லாரும் ஓய்ஞ்சுபோன நேரத்துல ரொம்ப நல்லா இருக்கும்.

பிள்ளைங்களுக்கு கிறிஸ்துமஸ்னா புது டிரஸ், கிஃப்ட், அவ்வளவுதான்னு ஆயிடுச்சு. குடுக்கிற மனசை எப்படி கொண்டு வர்றது? – ஒரு அப்பா

லூக்கா 3-ஆம் அதிகாரத்தைத் திறங்க. திருமுழுக்கு யோவான்கிட்ட கூட்டம் வந்து "நாங்க என்ன செய்யணும்"னு கேக்குது. அவர் அவங்களைப் பாலைவனத்துக்கு வரச் சொல்லல, வெட்டுக்கிளி சாப்பிடச் சொல்லல. ரெண்டு அங்கி இருந்தா ஒண்ணை இல்லாதவனுக்குக் குடுன்னாரு. வரி வசூலிக்கிறவன்கிட்ட, வேலையை விட்டுடுன்னு சொல்லாம, சொன்ன தொகைக்கு மேல வாங்காதேன்னாரு. படைவீரன்கிட்ட, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதும்னு இருன்னாரு. ஒவ்வொருத்தனுக்கும் அவன் நிக்கிற இடத்துலயே ஒரு வேலை.

அலமாரியைத் திறந்து பிள்ளையோட உக்காந்து பிரிங்க. இங்க ஒரு விஷயம், பிள்ளைங்க எப்பவும் கிழிஞ்சதையும் சின்னதா போனதையும்தான் குடுக்க எடுப்பாங்க, நம்மளும் அப்படித்தான். அதெல்லாம் ஒரு பக்கம் போகட்டும், கூடவே இன்னும் போட்டுக்கிட்டு இருக்கிற, புடிச்ச ஒண்ணே ஒண்ணு. அதை எடுக்கறப்ப பிள்ளை முகத்துல ஒரு தயக்கம் வரும் பாருங்க, கையில எடுத்து திரும்ப வெச்சு திரும்ப எடுக்கும். அவசரப்படுத்தாதீங்க. வேணாம்னு வெச்சிட்டா அதுவும் சரி, அடுத்த வாரம் கேளுங்க. கட்டாயப்படுத்தி வாங்கினா அது குடுத்தது ஆகாது, பிடுங்கினதுதான்.

அப்புறம் நீங்களும் அந்த வரி வசூல்காரர் பக்கத்துல வந்து நில்லுங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு சம்பளம் பாக்கி இருக்கா, கடன் வாங்கினதைத் திருப்பாம இருக்கோமா, கடையில தராசு சரியா இருக்கா. பிள்ளைங்க இதையெல்லாம் கவனிக்கிறாங்க. சம்பள பாக்கியை வெச்சுக்கிட்டு அனாதை இல்லத்துக்கு கேக் கொண்டு போறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

குடில் எப்ப வைக்கலாம்? குழந்தை இயேசுவை எப்ப வைக்கணும்? லைட்டிங்ல பக்கத்து வீட்டோட எங்க பசங்க போட்டியே போடறாங்க. – ஒரு குடும்பத் தலைவி

தேதிக்கு சட்டம் இல்ல. 17-ஆம் தேதி நல்ல நாள்னு நான் சொல்லுவேன், பூசை வாசகமும் அன்னைக்குத்தான் பெத்லகேம் பக்கம் திரும்புது.

அசிசி பிரான்சிஸ் 1223-ல கிரேச்சோங்கிற ஊர்ல வெச்ச குடில்ல சுரூபமே (சிலையே) கெடையாது தெரியுமா? வைக்கோல் போட்ட ஒரு தொட்டி, உயிரோட ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தத் தொட்டி மேல பூசை நடந்தது. லூக்காவுல மாடும் கழுதையும் இல்ல, எசாயா முதல் அதிகாரத்துல மாடு தன் உடமைக்காரனை அறியும், கழுதை தன் எஜமானோட தொட்டியை அறியும், என் மக்களோ அறியலன்னு ஆண்டவர் வருத்தப்படுற வசனத்துல இருந்து வந்ததுங்க. லைட் போட்டி போடற பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க. போப் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1-ல அதே கிரேச்சோவுக்குப் போய் குடில் பத்தி ஒரு கடிதமே கையெழுத்து போட்டாரு, வீட்ல குடில் வைக்கிற பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு.

குழந்தை 24 ராத்திரிதான். அதுவரைக்கும் தொட்டி காலியாவே இருக்கட்டும், சின்னப் பிள்ளைங்க தெனம் வந்து எட்டிப்பாத்து "இன்னும் வரலையா"ன்னு கேக்கும், கேக்கட்டும். யாருக்காவது ஒரு நல்லது பண்ணா ஒரு வைக்கோல் துணுக்கு எடுத்து தொட்டியில போடற பழக்கம் சில குடும்பத்துல இருக்கு, நல்ல பழக்கம், ஆனா யார் எத்தனை போட்டாங்கன்னு எண்ண ஆரம்பிச்சா அதுவும் லைட்டிங் போட்டி ஆயிடும். யாரும் பாக்காதப்ப போடணும், என்ன பண்ணேன்னு சொல்லக் கூடாதுன்னு ரூல் போடுங்க. மூணு ராஜாக்களையும் குடிலுக்குள்ள வெச்சிடாதீங்க, ரூமோட இன்னொரு மூலையில புத்தக அலமாரி மேல வைங்க, தெனம் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி திருக்காட்சித் திருநாளுக்கு (ராஜாக்கள் குழந்தையைப் பாக்க வந்த நாள்) கொண்டு வந்து சேத்துடுங்க, இந்த வேலைக்கு எந்தப் பிள்ளையும் போர்னு சொல்லாது.

அம்மா இறந்து மூணு மாசம்தான் ஆகுது. வீட்ல யாருக்கும் கிறிஸ்துமஸ் கொண்டாட மனசு இல்ல. இந்த வருஷம் திருவருகைக்காலத்தை அப்படியே விட்டுடலாமா? – ஒரு மகள்

கொண்டாட்டத்தை விடுங்கம்மா, அது கடமை இல்ல. குடில் வைக்க முடியலன்னாலும் ஒரு தப்பும் இல்ல. ஆனா திருவருகைக்காலத்தை விடாதீங்க, ஏன்னா இது முதல்ல உங்களை மாதிரி இருக்கிறவங்களோட காலம்தான். மேல சொன்னேனே, முதல் பாதி பூரா ஆண்டவர் திரும்ப வர்றதைப் பத்தின்னு. அவர் வர்றப்ப இறந்தவங்க உயிர்த்தெழுவாங்கன்னு ஞாயித்துக்கிழமைதோறும் விசுவாசப் பிரமாணத்துல சொல்றோம், மத்த வருஷம் அது வாயில வந்து போயிடும், இந்த வருஷம் அதுல உங்க அம்மா இருக்காங்க. மெழுகுவர்த்தி ஏத்தறப்ப அவங்க பேரைச் சொல்லி ஏத்துங்க. அவங்களுக்காக ஒரு பூசை வேண்டிக்கோங்க.

அழுகை வந்தா ஜெபத்தை நிறுத்திட்டு அழுங்க. சின்னவங்க முன்னாடி அடக்கிட்டு இருக்க வேணாம், அவங்களும் அதையேதான் அடக்கிட்டு இருப்பாங்க. 24 ராத்திரி பூசைக்குக் கூட்டத்துல நிக்க முடியாதுன்னு தோணுச்சுன்னா விடியற்கால பூசைக்குப் போங்க, இல்லன்னா பகல் பூசைக்குப் போங்க, எல்லாமே கிறிஸ்துமஸ் பூசைதான், விடியற்காலையில பொதுவா கூட்டம் கம்மி. சொந்தக்காரங்க "ஏன் ஒண்ணும் பண்ணல"ன்னு கேட்டா "இந்த வருஷம் இப்படித்தான்"னு ஒரே வரியில முடிச்சிடுங்க, விளக்கம் சொல்லிட்டு இருக்காதீங்க.

டிசம்பர் 24 ஞாயித்துக்கிழமையா வந்தா, அன்னைக்கு சாயந்திரம் ஒரே பூசைக்குப் போனா ஞாயிறும் கிறிஸ்துமஸும் சேர்த்து கழிஞ்சிடுமா? – ஒரு வாசகர்

நல்லா கேட்டீங்க போங்க! கழியாது. ரெண்டும் தனித்தனி கடன் திருநாள் (பூசை பாக்கறது கட்டாயமான நாள்), ரெண்டு பூசை பாக்கணும். சனிக்கிழமை சாயந்திரமோ ஞாயித்துக்கிழமை காலையிலயோ நாலாவது ஞாயிறு பூசை, அப்புறம் 24 சாயந்திரத்துல இருந்து 25 ராத்திரி வரைக்கும் எந்த நேரத்துலயாவது கிறிஸ்துமஸ் பூசை. அடுத்து 2028-ல இப்படித்தான் வருது, பாடகர் குழுவுல இருக்கிறவங்களும் பீடம் சோடிக்கிறவங்களும் இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஞாயிறு காலை பூசை முடிஞ்ச கையோட ஊதா துணியை எடுத்துட்டு வெள்ளை விரிக்கணும், அரை நாள்கூட கெடைக்காது.